ஸ்க்ரூவின் மேல் ஊதாப் புள்ளி

மாரிசெல்விக்குப் பேசுவதைவிடப் பார்ப்பதுதான் பழக்கம். பேருந்தில் ஏறினால் பின்வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டு, ஏறுகிறவர்கள் இறங்குகிறவர்கள் எல்லாரையும் பார்த்துக்கொண்டே வருவாள். கேட்டால் பதில் சொல்வாள். கேட்காமல் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வராது. கோவில்பட்டிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் பத்தாம் வகுப்பை முடித்து, சில வருஷம் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிவிட்டு, ஸ்ரீபெரும்புதூரில் கம்ப்யூட்டர் மானிட்டர் பூட்டுகிற தொழிற்சாலைக்குப் பெண்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வேன் ஏறி வந்தவள். அது 2004ஆம் வருஷம். அவளுக்கு அப்போது இருபது வயது.

தங்குவதற்குப் பிள்ளைப்பாக்கத்தில் முனியம்மாள் வீட்டு மாடி கிடைத்தது. ஒரே அறை, ஆறு பெண்கள், ஆறு டிரங்குப் பெட்டி. முனியம்மாளின் குடும்பம் அதே ஊரில் நெல் போட்டு வாழ்ந்த குடும்பம். நிலம் கம்பெனிக்குப் போனபின் வந்த பணத்தில் மாடி கட்டி, தென்மாவட்டத்துப் பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். மாடிப்படியில் யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

அந்த அறையில் மாரிசெல்விக்கு வாய்த்த தோழி சொர்ணம்மாள். விளாத்திகுளத்துக்காரி. பாட்டி பெயரை வைத்ததால் அப்படி ஒரு பெயர். எல்லாரும் சொர்ணம் என்று கூப்பிட்டார்கள். மாரிசெல்வி பேசாத பேச்சையும் சேர்த்து அவளே பேசுவாள். கேண்டீனில் குழம்பு பத்தவில்லை என்றால் மாரிசெல்வியின் தட்டையும் தூக்கிக்கொண்டு போய் வாங்கி வருவது சொர்ணம்தான். லீவு கேட்க வேண்டுமானால் சூப்பர்வைசரிடம் மாரிசெல்விக்காகக் கேட்பதும் அவள்தான். யாரோ ஒருத்தி தனக்காக முன்னால் நிற்கிறாள் என்பது மாரிசெல்விக்குப் புதிது. அந்த நிழலில் நின்று பழகிவிட்டாள்.

இருவரும் ஒரே லைனில் வேலை பார்த்தார்கள். மாரிசெல்வி மானிட்டருக்குள் போகிற சர்க்யூட் போர்டைக் கையில் எடுத்துச் சரிபார்த்து உள்ளே வைப்பாள். அதற்கு அடுத்த இடத்தில் சொர்ணம் பின்மூடியைப் போட்டு ஸ்க்ரூ முடுக்குவாள். ஸ்க்ரூ முடுக்கியதும் அதன் தலையில் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். முடுக்கியாயிற்று என்பதற்கு அதுதான் அடையாளம். ஆளுக்கொரு நிறம்; ஷிப்டு மாறினாலும் அது மாறாது. பின்னால் ஏதாவது கழன்று வந்தால், யார் கை என்று நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். சொர்ணத்தின் நிறம் ஊதா; அந்தப் பேனா அவள் பையிலேயே அறைக்கும் வந்துவிடும்.

போர்டைத் தொடுகிறவர்கள் எல்லாரும் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். அதிலிருந்து ஒரு ஒயர் மேசைக்குப் போகும். உடம்பில் இருக்கிற மின்சாரம் அதன் வழியாகத் தரைக்கு இறங்கிவிடும். சேர்ந்த புதிதில் பயிற்சி கொடுத்தவர் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். பட்டை கட்டாமல் தொட்டால் போர்டு உடனே சாகாது; நன்றாக வேலை செய்து, பரிசோதனையில் பாஸாகி, யாரோ ஒருவர் வீட்டுக்குப் போய், பல வாரம் கழித்து ஒருநாள் செத்துப்போகும். கண்ணுக்குத் தெரியாத குற்றம் அது என்றார். மாரிசெல்வி அதைக் கேட்டதிலிருந்து, வெளியே எங்கேயும் ஒரு இரும்பைத் தொடாமல் ரேடியோ பொத்தானைக்கூட அழுத்த மாட்டாள்.

அங்கே பெண்களை எடுப்பதெல்லாம் ட்ரெய்னி என்றுதான். பயிற்சித் தவணை முடிந்தால் கம்பெனி கொடுத்த நீலக் கோட்டையும் தொப்பியையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். நிரந்தரமாக நிற்பதற்கு ஒரே வழிதான் இருந்தது. சாமான் கணக்குப் பார்க்கிற ஸ்டோர்ஸ் ஆபீசில் கம்ப்யூட்டரில் பதிவு போடுவதற்கு லைனிலிருந்து ஒரு பெண்ணை எடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. எக்ஸல் தெரிந்திருக்க வேண்டும். சின்னதாக ஒரு பரீட்சை வைப்பார்கள். யாரை அனுப்புவது என்பது லைன் சூப்பர்வைசர் கையில்.

அந்த நாற்காலி கிடைக்காவிட்டால் மாரிசெல்வி திரும்பிப் போக வேண்டியது அண்ணன் வீட்டுக்கு. அம்மா இல்லை. அண்ணி கெட்டவள் இல்லை, ஆனால் சாப்பாடு போடும்போது மாரிசெல்வி முகத்தைப் பார்க்க மாட்டாள். திரும்பவும் குச்சி அடுக்கும் பலகைக்கு முன்னால் போய் உட்கார அவளுக்கு மனசில்லை. சொர்ணத்துக்கும் கிட்டத்தட்ட அதே கதைதான். யாருக்குக் கிடைத்தாலும் மற்றவள் சந்தோஷப்பட வேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். சொர்ணம்தான் அதைச் சொன்னாள். மாரிசெல்வி தலையாட்டினாள்.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் யாக்கோபு என்பவர் பிரௌசிங் சென்டர் வைத்திருந்தார். ஏதோ ஒரு ஆபீஸ் கழித்துவிட்ட பழைய லேப்டாப் மூன்றை வாங்கி, துடைத்து விற்றுக்கொண்டிருந்தார். மூன்றும் ஒரே மாடல். அதில் ஒன்றைத் தோழிகள் இருவரும் ஓவர்டைம் காசைப் போட்டு வாங்கினார்கள். பேட்டரி செத்தது. ஒயர் சொருகினால்தான் உயிர் வரும், கரண்ட் போனால் அதுவும் போகும். செங்கல் மாதிரி கனம். இருந்தாலும் டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொள்ளலாம்.

பிரச்சினை அதன் வேகம். எக்ஸலைத் திறந்துவிட்டு, கீழே போய்க் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டு மாடி ஏறி வந்தாலும் திரையில் மணற்கடிகாரம் சுற்றிக்கொண்டே இருக்கும். திறந்தபின் நாலு எண் போட்டால் உறைந்து நின்றுவிடும். ஷிப்டுக்கும் தூக்கத்துக்கும் இடையில் கிடைக்கிற கொஞ்ச நேரமும் அதைப் பார்த்துக்கொண்டு உட்காருவதிலேயே போனது.

"இன்னாமே, அந்தப் பொட்டிய அடைகாத்துகினு கீறீங்க? குஞ்சு பொரிக்குமா?" என்று முனியம்மாள் துணி காயப்போட வரும்போதெல்லாம் கேட்பாள்.

யாக்கோபிடம் போய்ச் சொன்னபோது அவர் சிரித்தார். உள்ளே நினைவகம் கொஞ்சம்தான் இருக்கிறது, ஒரு ராம் போட்டால் ஓடும் என்றார். கம்ப்யூட்டர் ஒரு வேலையைச் செய்யும்போது சாமான்களைப் பரப்பி வைத்துக்கொள்ள இடம் வேண்டும், இதற்கு அந்த இடம் முழங்கையை நீட்ட முடியாத அளவுக்கு இருக்கிறது என்று விளக்கினார். ஆறு பேர் இருக்கிற அறையில் சேலை மடிப்பது மாதிரி என்று மாரிசெல்வி மனசுக்குள் நினைத்துக்கொண்டாள். அடுத்த தடவை சென்னைக்குப் போனபோது, அந்த மாடலுக்குப் பொருந்துகிற ராம் ஒன்றை ரிச்சி தெருவில் தேடி வாங்கி வந்து கொடுத்தார். பழைய மாடலுக்கு இனிமேல் இது கிடைப்பது கஷ்டம், பத்திரம் என்று சொல்லித்தான் கொடுத்தார்.

அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களே போட்டார்கள். அரைச் சீப்பு அளவுக்கு ஒரு பச்சைப் பலகை, ஒரு ஓரத்தில் தங்க நிறத்தில் பற்கள். மணிக்கட்டுப் பட்டை தொழிற்சாலையில் இருக்கிறது, அறையில் ஏது? குளியலறைக்குப் பக்கத்தில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் இரும்புக் குழாய் ஒன்று இருந்தது. மாரிசெல்வி லேப்டாப்பை அதன் பக்கத்தில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். ஒரு கை குழாயைத் தொட்டுவிட்டு வரும், மறு கை வேலை பார்க்கும்.

"ஏட்டி, குழாயைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு வேலை பாக்குத ஒரே ஆளு நீதான். முனியம்மா பாத்தா தண்ணி திருடுதேன்னு சொல்லப்போறா" என்று சொர்ணம் கேலி செய்தாள். அவள் கையில் டார்ச் லைட்.

அடிப்பக்கம் ஒரே ஒரு ஸ்க்ரூ. அதைக் கழற்றி மூடியை எடுத்தால் உள்ளே காலியாக ஒரு பள்ளம். ராமைச் சாய்த்து வைத்து, தங்கப் பற்கள் மறைகிற வரை உள்ளே தள்ளி, மெல்லக் கீழே அமுக்கினாள். இரண்டு பக்கமும் கொக்கி டக்கென்று பிடித்தது. மூடியைப் போட்டு மாரிசெல்வியே முடுக்கினாள். ஒயரைச் சொருகி, பொத்தானை அழுத்தினார்கள். கறுப்புத் திரையில், உள்ளே எவ்வளவு நினைவகம் என்று காட்டுகிற எண் ஏற ஆரம்பித்தது. முன்பெல்லாம் முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சத்தில் நின்றுவிடும். அன்றைக்கு ஏறிக்கொண்டே போனது. ஒரு லட்சம் தாண்டியபோது சொர்ணம் மாரிசெல்வியின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் மாரிசெல்வி அந்த ஊரில் இருந்த நல்ல நாட்கள். எக்ஸல் கேட்டதும் திறந்தது. யாக்கோபு கொடுத்த பழைய புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து அவள் தானாகவே கற்றுக்கொண்டாள். கூட்டல், சராசரி, பெயர்களை வரிசைப்படுத்துவது. லைனில் அவள் கையிலிருந்து போகும் மானிட்டர்களில் ரிஜெக்ட் வருவதே இல்லை என்பதால் சூப்பர்வைசர் புருஷோத்தமன் ஒருநாள் அவள் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். சேரப்பணஞ்சேரிக்காரர். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடாதவர். ஸ்டோர்சுக்கு உன் பேரைத்தான் எழுதப்போகிறேன், கம்ப்யூட்டர் கத்துக்கிறாயாமே, நல்லா கத்துக்கோ என்று சொல்லிவிட்டுப் போனார். மாரிசெல்வி அதைச் சொர்ணத்திடம் மட்டும் சொன்னாள். சொர்ணம் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினாள். பிறகு இரண்டு பேருக்கும் பரோட்டா வாங்கி வந்தாள்.

ஷிப்டு மாறியதும் ஒரு வாரம் இருவரும் வேறு வேறு நேரத்தில் வேலைக்குப் போனார்கள். ஒருத்தி அறையில் இருக்கும்போது மற்றவள் லைனில் இருப்பாள். அந்த வாரத்தின் கடைசியில், மாரிசெல்வி லேப்டாப்பைத் திறந்து பொத்தானை அழுத்தினாள். எண் ஏறியது. முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சத்தில் நின்றது.

அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டாள். அங்கேயேதான் நின்றது. எத்தனை தடவை போட்டாலும் அங்கேயேதான்.

சொர்ணம் வந்ததும் மாரிசெல்வி அவளிடம் சொன்னாள். சொர்ணம் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து, திரையைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினாள்.

"எரிஞ்சு போச்சு போலட்டி."

"எப்படி எரியும்? நல்லாத்தானே ஓடிக்கிட்டு இருந்தது."

"அன்னைக்கு நீ குழாயத் தொட்டுத் தொட்டு வேலை பாத்தேல்லா, ஏதோ ஒரு தடவை தொடாம கைய வச்சிருப்ப. ட்ரெய்னிங்ல சொன்னாகள்ல, அன்னைக்கே சாகாது, பெறவு சாகும்னு." மாரிசெல்வியின் முகம் மாறுவதைப் பார்த்துவிட்டு அவள் குரலைத் தணித்தாள். "விடு. நீ என்ன வேணும்னா செஞ்ச? திரும்பத் திறந்து கிறந்து பாக்காத, உள்ள இருக்கதும் போயிரும்."

மாரிசெல்வி நம்பினாள். வேறு யார் சொல்லியிருந்தாலும் அவள் நம்பியிருக்க மாட்டாள் என்றில்லை. மணிக்கட்டுப் பட்டையோடு வேலை பார்க்கிற எந்தப் பெண்ணும் அதை நம்பியிருப்பாள். அந்தத் தொழிற்சாலையில் அவர்களுக்குப் பயமென்று கற்றுக்கொடுத்ததே அதைத்தான். பல வாரத்துக்கு முந்தைய அந்த ஞாயிற்றுக்கிழமையை அவள் மனசுக்குள் ஓட்டி ஓட்டிப் பார்த்தாள். டார்ச் வெளிச்சம் கண்ணில் பட்டபோது கை குழாயை விட்டதோ? சொர்ணம் சிரிக்க வைத்தபோது விட்டதோ? விட்டிருக்கலாம் என்று தோன்றத் தொடங்கியது. கொஞ்ச நாளில் விட்டுத்தான் இருப்பேன் என்று ஆகிவிட்டது.

இருவர் சொத்தைத் தான் ஒருத்தி கெடுத்துவிட்டோம் என்ற எண்ணம் அவளை விடவில்லை. சொர்ணத்தின் நீலக் கோட்டையும் சேர்த்துத் துவைத்தாள். தண்ணீர் முறை சொர்ணத்துக்கு வரும்போது தானே குடத்தை எடுத்தாள். லேப்டாப்பில் உட்காருகிற தன் நேரத்தையும் அவளுக்கே விட்டுக்கொடுத்தாள். நான் ஏற்கெனவே பழகியாயிற்று, நீ பழகு என்றாள். சொர்ணம் வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னாள். இரண்டாம் தடவை சொல்லவில்லை. ஆனால் லேப்டாப் முன்னால் அவள் அதிகம் உட்காரவும் இல்லை. திறக்கிற வரைக்கும் காத்திருக்க அவளுக்குப் பொறுமை கிடையாது.

மறுவாரம் நோட்டீஸ் பலகையில் ஸ்டோர்ஸ் பரீட்சைக்குப் போகிறவர்களின் பெயர் ஒட்டினார்கள். அவர்கள் லைனுக்கு நேராக எஸ். சொர்ணம்மாள் என்று இருந்தது.

மாரிசெல்வி கூட்டத்துக்குப் பின்னால் நின்று அதைப் படித்தாள். பக்கத்தில் வந்த சொர்ணம், எனக்கே ஒண்ணும் புரியலட்டி, சார் எப்படி என் பேரைக் குடுத்தாருன்னு தெரியல என்றாள். புருஷோத்தமன் அன்று முழுக்க மாரிசெல்வி இருந்த பக்கம் வரவில்லை. தன் வேலையில் ஏதோ குறை வந்திருக்கும், ராம் போன கவலையில் கை தடுமாறியிருக்கும் என்று மாரிசெல்வி நினைத்துக்கொண்டாள். வலித்தது. ஆனாலும் போகிறவள் சொர்ணம் அல்லவா. யாருக்குக் கிடைத்தாலும் மற்றவள் சந்தோஷப்பட வேண்டும் என்று பேசிக்கொண்டதை அவள் மறக்கவில்லை. சந்தோஷப்பட முயன்றாள்.

பரீட்சைக்கு இரண்டு நாள் இருந்தது. சொர்ணம் எக்ஸலில் இன்னும் கூட்டல்கூடச் சரியாகப் பழகவில்லை. இந்த வேகத்தில் அந்த லேப்டாப்பை வைத்துக்கொண்டு அவள் எப்படிப் பழகுவாள் என்று மாரிசெல்விக்குத்தான் கவலை. சொர்ணம் ஓவர்டைமுக்கு நின்ற நேரம் பார்த்து, லேப்டாப்பைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு யாக்கோபு கடைக்குப் போனாள். எரிந்துபோனதை அவர் பார்த்தால் ஏதாவது செய்ய முடியலாம். வேறு ஒரு ராம் கிடைத்தால் தவணையாகக் கொடுத்துவிடலாம். அவளாகப் போய் ஒருவரிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

யாக்கோபு கதையைக் கேட்டுவிட்டு லேப்டாப்பைக் கவிழ்த்தார். ஸ்க்ரூ டிரைவரை எடுக்கத் திரும்பினார். அந்த நேரத்தில் மாரிசெல்வி அதைப் பார்த்தாள்.

ஸ்க்ரூவின் தலையில் ஒரு ஊதாப் புள்ளி.

சின்னது. நடுவில், சரியாக, மை சிந்தாமல். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் அவள் கண்முன்னால் நகர்ந்து போகிற அதே புள்ளி. முடுக்கினால் வைத்துவிட வேண்டும் என்று பழகிய கைக்கு, அது மானிட்டரா லேப்டாப்பா என்பது தெரியாது. தான் முடுக்கியபோது அங்கே எந்தப் புள்ளியும் வைக்கவில்லை என்பது மாரிசெல்விக்குத் தெரியும்.

யாக்கோபு மூடியைத் திறந்தார். உள்ளே பள்ளம் காலியாக இருந்தது. கொக்கிகள் இரண்டும் சும்மா நின்றன.

"இன்னாம்மா, எரிஞ்சி போச்சின்னு சொன்ன? இங்க ஒண்ணுமே காணோமே. கழட்டி எங்கனா வச்சிட்டியா?"

யாக்கோபு தலையைச் சொறிந்துகொண்டு, அதன் கனம் தெரியாமலே இன்னொன்றையும் சொன்னார். இதே மாடலில் ஒன்றைப் புருஷோத்தமன் சாரும் அவரிடம்தான் வாங்கியிருந்தாராம். அவருடையதும் மெதுவாகத்தான் ஓடியதாம். போன வாரம் வந்தவர், எனக்கு ஒரு ராம் கிடைத்துவிட்டது, இப்போது குதிரை மாதிரி ஓடுகிறது என்று சந்தோஷமாகச் சொன்னாராம். "எங்க புடிச்சாருன்னுதான் தெரியல. ரிச்சி தெருவுலயே நான் நாயா அலைஞ்சேன்" என்றார்.

மாரிசெல்வி லேப்டாப்பைத் துண்டில் சுற்றினாள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பிள்ளைப்பாக்கம் வரை பஸ்ஸில் வராமல் நடந்தே வந்தாள். லாரிகள் புழுதியை வாரி இறைத்துக்கொண்டு போயின. வழியெல்லாம் அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் நினைவில் ஓடியது. துவைத்துக் கொடுத்த அந்த நீலக் கோட்டைச் சொர்ணம் எப்படி வாங்கி மாட்டிக்கொண்டாள்? ஒவ்வொரு நாளும், வாயைத் திறக்காமல், எப்படி மாட்டிக்கொண்டாள்?

மறுநாள் சாயங்காலம் மற்ற பெண்கள் கடைக்குப் போயிருந்தார்கள். சொர்ணம் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வந்து மாரிசெல்விக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாளைக்குப் பரீட்சை, அந்தக் கூட்டலையும் பெயர் வரிசைப்படுத்துவதையும் ஒரு தடவை சொல்லிக்கொடு என்றாள். வழக்கமான குரல்தான். மாரிசெல்வி பொத்தானை அழுத்தினாள். எண் ஏறி, நிற்கிற இடத்தில் நின்றது. எக்ஸலைத் திறந்தாள். மணற்கடிகாரம் சுற்ற ஆரம்பித்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பு இல்லாவிட்டால் ஒருவேளை மாரிசெல்வி கேட்டிருக்கவே மாட்டாள்.

"புருஷோத்தமன் சாருக்கு நல்லா ஓடுதாம்ல?"

சொர்ணம் திரும்பிப் பார்க்கவில்லை. முகத்திலிருந்து ஏதோ ஒன்று மட்டும் இறங்கிப்போனது.

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. ஸ்க்ரூல புள்ளி வச்சிருக்க."

சொர்ணம் தன் விரலைப் பார்த்துக்கொண்டாள். மணற்கடிகாரம் சுற்றியது. கீழே முனியம்மாள் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள்.

"அதுல பாதி எனக்கும் உண்டுல்லா" என்றாள் சொர்ணம் கடைசியில். "என் பாதிய நான் குடுத்தேன்."

"பாதிய எப்படிட்டி கழட்டுன?"

"அவரு ராம் தேடிக்கிட்டு அலையுதாருன்னு தெரிஞ்சுது. ராமைக் குடுத்துட்டு ஸ்டோர்சுக்கு என் பேரக் கேட்டேன், எழுதிக் குடுத்தாரு. நீ கேப்பியா? உனக்கு லீவு வேணும்னாலே நான்தானே போய்க் கேக்கணும்." அவள் குரல் உயர்ந்தது. "ஸ்டோர்ஸ்ல போய் நீ யார்ட்ட என்ன பேசிருவ? ரெண்டு நாள்ல திருப்பி அனுப்பிருவாக. நானாவது நின்னுக்கிடுவேன்ல."

சொர்ணம் சொன்னதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது, அதனால் அது அதிகமாகச் சுட்டது. நாற்காலி போனதை மாரிசெல்வி எப்படியாவது விழுங்கியிருப்பாள். ராமையும் விழுங்கியிருப்பாள். விழுங்க முடியாதது வேறு.

"எடுத்தேன்னு சொல்லியிருக்கலாம். சார் கேட்டாரு, குடுத்துட்டேன்னு சொல்லியிருந்தாகூடப் போதும். என் கைதான் எரிச்சதுன்னு ஏன் சொன்ன?"

சொர்ணம் மணற்கடிகாரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வேற என்ன சொல்லச் சொல்லுத?" என்றாள்.

அப்போது எக்ஸல் திறந்தது. வெள்ளைக் கட்டங்கள் திரை முழுக்க வந்து நின்றன. அவளுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுக்கலாம் என்று மாரிசெல்விக்குத் தோன்றியது. ஒரு அடைப்புக்குறியை விட்டுவிட்டால் போதும், நாளைக்கு அவள் அங்கே எல்லார் முன்னாலும் திகைத்து நிற்பாள். அந்த நினைப்பு அவளுக்கு இனித்தது. விரலை விசைப்பலகையில் வைத்தாள். ஆனால் விரல் தானாகவே சரியானதையே அடித்தது. போர்டை எப்போதும் சரியாகவே வைத்துப் பழகிய கை அது. அதை அவள் நல்ல குணம் என்று எண்ணவில்லை. தப்புச் செய்யக்கூடத் தனக்குத் துப்பில்லை என்றுதான் நினைத்தாள். இரண்டு தடவை காட்டிவிட்டு எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டாள்.

பரீட்சையில் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லையாம். பத்துப் பெயரை வரிசைப்படுத்தச் சொன்னார்களாம். நாலு லைன் பெண்களில் சொர்ணத்துக்குத்தான் இடம் கிடைத்தது. அந்த மாசமே அவள் முனியம்மாள் வீட்டைக் காலி செய்துகொண்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருவர் மட்டும் தங்குகிற அறைக்குப் போனாள். போகும்போது லேப்டாப்பை நீயே வைத்துக்கொள் என்றாள். மாரிசெல்வி அதை யாக்கோபிடமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, காசு கேட்காமல் திரும்பி வந்தாள். முனியம்மாள் மாடிப்படியில் மறித்துக்கொண்டு விசாரித்தாள்.

"இன்னாமே, ஒட்டிகினு திரிஞ்சீங்க, இப்ப மூஞ்சியக் கூடப் பாக்கறதில்ல?"

மாரிசெல்வி, ஷிப்டு வேற அக்கா என்றாள்.

விஷயம் எப்படியோ அறையில் இருந்த மற்ற பெண்களுக்கும் தெரிந்து, சூப்பர்வைசரைப் பற்றி மேலே சொல்லு என்று தூண்டினார்கள். சொல்லி என்ன நிரூபிப்பது? ஒரு மைப்புள்ளியையா? புருஷோத்தமன் மட்டும் அதற்குப் பிறகு அவளிடம் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார். அவள் இருக்கும் இடத்துக்கு வர வேண்டியிருந்தால் வேறு யாரையாவது அனுப்பினார்.

தவணை முடிந்த நாள் வந்தது. முடித்துப் போகிற பெண்கள் எல்லாரும் கோட்டையும் தொப்பியையும் செருப்பையும் ஸ்டோர்ஸ் ஜன்னலில் ஒப்படைக்க வேண்டும். அங்கே பதிவாகிச் சீட்டு வந்தால்தான் கடைசிச் சம்பளம். இருபது பேர் வரிசையில் நின்றார்கள். ஊர்ப் பேருந்தைப் பற்றியும், வாங்கிப்போக வேண்டிய சாமான்களைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். மாரிசெல்வி தன் கோட்டைச் சதுரமாக மடித்துக் கையில் வைத்திருந்தாள்.

ஜன்னலுக்கு அந்தப்பக்கம் சொர்ணம் உட்கார்ந்திருந்தாள். காட்டன் சுடிதார், கழுத்தில் அடையாள அட்டை. பின்னால் ஸ்டோர்ஸ் ஆபீசர் நின்றுகொண்டு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருத்தியாகப் பெயரும் டோக்கன் நம்பரும் சொல்ல, சொர்ணம் தட்டிக்கொண்டே வந்தாள். மாரிசெல்வியின் முறை வந்தது. சொர்ணம் நிமிரவில்லை. கண் விசைப்பலகையில் இருந்தது.

"பேரு, டோக்கன் நம்பர் சொல்லுங்க."

மாரிசெல்வி துணிகளை ஜன்னல் பலகையில் வைத்தாள். சொர்ணம் காத்திருந்தாள். பின்னால் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். இவள் வாய் திறக்கப்போவதில்லை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

"என் பேரு உனக்குத் தெரியாதாட்டி?"

அந்தக் குரல் மாரிசெல்விக்கே புதிதாகக் கேட்டது. ஸ்டோர்ஸ் ஆபீசர் திரும்பிப் பார்த்து, இன்னாம்மா லேட்டு, லைன் நிக்குது பார் என்றார். சொர்ணத்தின் காது சிவந்தது. அவள் நிமிராமலே தட்டினாள். மாரிசெல்வி ஜன்னல் கண்ணாடிக்கு மேலே எட்டி, பக்கவாட்டில் திரும்பியிருந்த திரையைப் பார்த்தாள். மாரிசெல்வி, கூடவே அப்பா பெயரின் முதல் எழுத்து. பக்கத்துக் கட்டத்தில் டோக்கன் நம்பர், ஒரு எண்கூடத் தப்பாமல். யாரும் சொல்லாமல்.

பிரிண்டர் சீட்டைத் துப்பியது. சொர்ணம் அதைக் கிழித்து ஜன்னல் வழியே நீட்டினாள்.

"அடுத்த ஆளு."